கேளுங்க சொல்றேன்: கடலே இல்லாத ஊர்ல சர்ஃப் சிலுவார்

கேள்வி: எங்களது எஸ்டேட் டவுன், கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல. மகன் பாசார் மாலாம்ல பூ போட்ட சட்டையும் நாடா கட்ற அரை சிலுவாரும் வாங்கிட்டு வந்து சர்ஃபிங் ஸ்டைல்ங்கிறான், சிலுவார்ல எலாஸ்டிக் கூட இல்ல, ஏமாத்திட்டாங்களா? - வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏமாத்தலம்மா. சர்ஃபிங்னா பலகை மேல நின்னு கடல் அலையில சறுக்குற விளையாட்டு. பெரிய அலை ஆள உருட்டுறப்ப எலாஸ்டிக் சிலுவார்னா கழண்டு அலையோட போயிரும், அதான் நாடா வச்சு இறுக்கிக் கட்றது, துணியும் சட்டுனு காயுற ரகம், மெழுகு பூசுன பலகை மேல உராயாம இருக்கத்தான் தொடைய மூடுற நீளம். ஆஸ்திரேலியா டார்க்கீல 1969ல ஆரம்பிச்ச குவிக்சில்வர் கம்பெனி இந்த சிலுவார வச்சுத்தான் பேரு வாங்குச்சு. பூ சட்டை கதை வேற, 1930கள்ல ஹவாய் ஹொனலுலு தையக்கடைங்கள்ல ஜப்பான் கிமோனோ துணியில தச்சது, சர்ஃபிங்காரங்க பின்னால எடுத்து மாட்டிக்கிட்டாங்க, அதனால மகன் சொல்றது பாதிதான் சரி. இதுல ஒரு வேடிக்கை, வெளிநாட்டுல இது சம்மர் உடுப்பு, ஆனா நம்ம பஹாங் செராத்திங்ல அலை நல்லா வர்றது நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும், கொட்டுற மழைக்காலத்துல! போட்டுக்கட்டும் விடுங்க, தீபாவளிக்குக் கோயிலுக்குப் போறப்ப மட்டும் வேட்டி.

கேள்வி: எங்க மன்றத்துச் சுவர்ல சர்ஃப் ஸ்டைல்ல படம் வரையப் போறோம். யாரப் பாத்துப் பழகலாம்ணே? - மாணவர், லூனாஸ்

பதில்: 'தி எண்ட்லெஸ் சம்மர்'ங்கிற சர்ஃபிங் சினிமாவுக்கு ஜான் வான் ஹேமர்ஸ்வெல்ட் 1964ல செஞ்ச போஸ்டர தேடிப் பாருங்க தம்பி. கண்ணப் பறிக்கிற கலரு, ஆளுங்க வெறும் நிழலுருவம், மூக்கு முழி ஒண்ணும் கிடையாது, பெயிண்ட் செலவும் கம்மி. அப்புறம் ரிக் கிரிஃபின், சர்ஃபர் பத்திரிகையில கார்ட்டூன் போட்டுட்டு இருந்தவரு, பின்னால சான் ஃபிரான்சிஸ்கோ ராக் கச்சேரிக்கெல்லாம் போஸ்டர் வரைஞ்சாரு, அவரோட எழுத்து வளையுற விதம் இருக்கே, அத கண்டிப்பா பாக்கணும். தென்னைமரம் மட்டும் வேணாம், எல்லாரும் போட்டுச் சலிச்சது, செம்பனைய போடுங்க.

கேள்வி: அலையில போறவங்க போடுற கறுப்பு உடுப்பு நம்ம பால்மரத்து ரப்பரா? - பழைய தோட்டத் தொழிலாளி, பாகான் செராய்

பதில்: பெரும்பாலும் இல்லைங்கய்யா. அது நியோப்ரீன், 1930ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனி கண்டுபிடிச்ச செயற்கை ரப்பரு. 2016லேருந்து பட்டகோனியா கம்பெனி அத விட்டுட்டு மரத்துப் பால்ல செய்யுது, நீங்க சீவுன அதே ஜாதி மரம்தான், ஆனா பால் வந்தது குவாத்தமாலா தோட்டத்துலேருந்து.