குட்டிக்குத் தகப்பன் யார்? – கால்நடை இனவிருத்தி: வாசகர் கேள்வி பதில்

கொழும்பிலும் அயலிலும் வீட்டோடு மாடு, ஆடு வைத்திருப்பவர்களும், ஊரில் உள்ள பண்ணைக்குப் பணம் போட்டுவிட்டு இங்கிருந்து கணக்குப் பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

எங்கள் பிரீசியன் கலப்புப் பசுவுக்கு நான்கு தடவை சினை ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்) போட்டாயிற்று. சினைப்படவில்லை. பிழை விந்திலா, மாட்டிலா? – வாசகர், வத்தளை

இரண்டையும் குற்றஞ்சொல்ல முதல் கலண்டரை எடுங்கள். நான்கு ஊசிக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 18 முதல் 24 நாளுக்குள் மாடு திரும்பவும் கத்தினால் சூலகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கரு உண்டாகவே இல்லை, அல்லது உண்டாகி முதல் இரண்டு கிழமைக்குள் அழிந்திருக்கிறது. 42 நாளென்றால் நடுவில் ஒரு வேட்கையை (மாடு காளைக்கு அலையும் நேரத்தை) நீங்கள் காணாமல் விட்டிருக்கிறீர்கள். 30, 35 என்று இடைப்பட்ட கணக்கில் வந்தால் கரு தங்கி, பிறகு கரைந்திருக்க இடமுண்டு. பத்து நாளில் திரும்பவும் ஊசி என்றால் அந்த இரண்டில் ஒன்று வேட்கையே அல்ல.

வீட்டில் ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில்தான் சிக்கல். இன்னொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதுதான் வேட்கையின் உறுதியான அடையாளம். ஏற ஆளில்லாத கொட்டிலில் அதைக் காண முடியாது. கத்துவதை மட்டும் நம்பவேண்டாம், பசித்தாலும் மாடு கத்தும். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, அறாமல் நீளமாகத் தொங்கும் சளி, வீங்கிச் சிவந்த யோனி வாசல், அடிக்கடி சொட்டுச் சொட்டாக மூத்திரம் பெய்தல், அன்று பால் குறைதல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விடியற்காலை, மத்தியானம், இரவு படுக்கப் போகமுன் என்று மூன்று தடவை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். தீனி வைக்கும் நேரத்தில் பார்ப்பது பார்த்த கணக்கில்லை.

வேட்கை 12 முதல் 18 மணித்தியாலம் இருக்கும். திமில் மாட்டு இரத்தம் கூடினால் நேரம் குறையும், பெரும்பாலும் இரவில் வந்து போய்விடும். முட்டை வெளிவருவது வேட்கை அடங்கி ஏறக்குறைய 10–12 மணித்தியாலம் கழித்து. வந்த முட்டை சில மணித்தியாலமே உயிரோடிருக்கும். விந்தணு ஒரு நாளளவு தாங்கும், ஆனால் உள்ளே போய்த் தயாராக அதற்கும் ஆறேழு மணித்தியாலம் வேண்டும். ஆகவே காலையில் கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. சனி இரவு கத்திய மாட்டுக்குத் திங்கள் காலை போடும் ஊசி, வண்டி போன பிறகு வாங்கிய ரிக்கெற். சளியில் இரத்தம் கலந்து வந்தால் வேட்கை முடிந்து ஒன்றிரண்டு நாளாகிவிட்டது. அன்று ஊசி வேண்டாம், திகதியைக் குறித்து வைத்து 17ஆம் நாளிலிருந்து காவலிருங்கள்.

நேரம் சரியென்றால் அடுத்தது குழல், அதாவது விந்து அடைத்த மெல்லிய குழாய். உறைவிந்து திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியஸில் கிடக்கிறது. அதை 35–37 பாகை வெந்நீரில் 30 முதல் 45 செக்கன் வைத்து உருக்கி, ஈரத்தை முழுக்கத் துடைத்து, கால் மணித்தியாலத்துக்குள் செலுத்திவிட வேண்டும். சட்டைப்பைக்குள்ளோ உள்ளங்கையிலோ வைத்து உருக்குவது பிழை: மெதுவாக உருகும்போது பனித்துகள்கள் திரும்பவும் பெருத்து விந்தணுவின் மென்சவ்வைக் கிழிக்கும். துடைக்காத ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், தொட்ட விந்தணு செத்துவிடும். கொள்கலத்தில் குழலைத் தேடும்போது கூடையைக் கழுத்துக்கு மேலே தூக்கிவைத்துக் கொண்டு நிற்பதும் அப்படித்தான். பத்துச் செக்கனுக்கு மேல் போனால் மிச்சக் குழல்களுக்கும் சேதம். வெப்பமானி இருக்கிறதா என்று வருபவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. விந்து விழவேண்டிய இடம் கருப்பைக் கழுத்தின் வளையங்களைத் தாண்டியவுடன் வரும் கருப்பை உடல். கழுத்திலேயே விட்டால் வாய்ப்புக் குறையும். ஒரு பக்கக் கருப்பைக் கொம்புக்குள் ஆழமாகத் தள்ளினால் காயம் படும்.

ஐந்தாவது ஊசிக்கு முதல் அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டுக் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சினையிலிருக்கும் மாடுகளும் சில வேளை வேட்கை காட்டும். அந்த வயிற்றுக்குள் கருவியை விட்டால் கன்று போய்விடும். சளியில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ கலங்கல் தெரிந்தால் கருப்பையில் கிருமி, முதலில் மருந்து. கன்று போட்டு 60 நாள் ஆகாத மாட்டுக்கும், விலா எலும்பை எண்ணக்கூடிய மாட்டுக்கும் ஊசி வீண்.

நாகு கன்று மட்டும் பிறக்கும் ஊசி உண்டாமே? – வாசகி, கொலன்னாவை

மட்டும் அல்ல, நூற்றுக்குத் தொண்ணூறு அளவில். பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில் ஒய் விந்தணுவைவிட டிஎன்ஏ ஏறத்தாழ 4 வீதம் கூட. சாயமேற்றி, ஒளிக்கதிரால் அந்த வித்தியாசத்தை அளந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும் பாட்டில் விந்தணு களைத்துவிடும். சாதாரண குழலில் 20 மில்லியன் அளவு இருந்தால் இதில் 2 அல்லது 4 மில்லியன்தான். அதனால் சினைப்படும் வீதமும் குறைவு. நல்ல உடம்போடு, ஒழுங்காக வேட்கை காட்டும் இளம் நாகுகளுக்குப் போடுங்கள். வத்தளை வாசகரின் மாட்டுக்குப் போடுவது காசைக் காற்றில் விடுவது.

ஒரு கிடாயும் ஆறு மறியும் வைத்து நாலு வருடமாக ஆடு வளர்க்கிறோம். குட்டிகள் வரவரச் சிறுக்கின்றன. போன முறை மூன்று செத்தே பிறந்தன. இன்னொன்று: எங்கள் கிடாய்க்குக் கொம்பில்லை, மறிகளில் பாதிக்கும் இல்லை. ஒரு குட்டி ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. – வாசகர், மட்டக்குளி

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். முதலாவது, உங்கள் கிடாய் இப்போது தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்கிறது. தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டியின் உள்ளினச் சேர்க்கைக் குணகம் 25 வீதம். அந்தக் குட்டியையும் அதே கிடாயோடு சேர்த்தால் 37.5. இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே மூதாதையின் அதே மரபணுப் பிரதி குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பைத்தான் இந்த எண் சொல்கிறது. ஒற்றையாக இருக்கும்போது மறைந்து கிடந்த குறை இரட்டையானதும் வெளியே வருகிறது. முதலில் அடிபடுவது குட்டியின் பிழைப்பும் தாயின் சினைப்படும் தன்மையும், எடை பிறகு. ஒப்பிட்டுப் பார்க்க: மச்சான் மச்சாள் கலியாணத்தில் இது 6.25, தமிழ்நாட்டில் சில சாதிகளில் வழக்கமான தாய்மாமன் கலியாணத்தில் 12.5. ஆட்டுக்கு 6.25 தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் பெரிய சேதமில்லை.

வைத்தியம் மலிவானது. ஆட்டின் சினைக்காலம் 150 நாள். கிடாய் வந்து ஐந்து மாதத்தில் முதல் மகள், அதிலிருந்து ஆறேழு மாதத்தில் அவளுக்கும் பருவம். ஆகவே ஒரு கிடாயை ஒன்றரை வருடத்துக்கு மேல் அதே மந்தையில் விடாதீர்கள். அதற்குள் பருவத்துக்கு வரும் மகள்களைத் தனியே அடையுங்கள். ஆண் குட்டிகளை மூன்று மாதம் கழிந்ததும் பிரியுங்கள். நாலைந்து மாதத்திலேயே அவை தாயையும் சினைப்படுத்திவிடும், பலர் இதை நம்புவதில்லை. கிடாயை அயலவரோடு மாற்றுவது நல்லதுதான், ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வாங்கிய குட்டிகள் என்றால் மாற்றியும் பயனில்லை. காதில் எண் போட்டு, தாய் எண், தகப்பன் எண், பிறந்த திகதி, எடை என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள்.

கொம்பு விடயம் சுவாரசியமானது. ஆட்டில் கொம்பின்மை ஆட்சியுடைய பண்பு; ஒரு பிரதி இருந்தாலே கொம்பு வராது. அதே மரபணுக் குறை இரண்டு பிரதியாகும்போது பெண் குட்டியின் சூலகம் உருவாகாமல் ஆண் பக்கம் திரும்பிவிடுகிறது. முதலாம் நிறமூர்த்தத்தில் 11,700 மூலச்சோடிகள் (டிஎன்ஏயின் எழுத்துச் சோடிகள்) அறுந்துபோனதே காரணம் என்று 2001இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். கொம்பில்லாத இரண்டு சேர்ந்தால் பெண்ணாகப் பிறக்கவேண்டிய குட்டிகளில் நான்கில் ஒன்று இப்படி ஆகும். ஒரு பக்கம் கொம்புள்ளதாக இருந்தால் இது வராது. அடுத்த கிடாயைக் கொம்போடு வாங்குங்கள். அந்தக் குட்டி ஈனாது, இறைச்சிக்கு வளருங்கள்.

ஏ2 பால் என்று கூடிய விலைக்கு விற்கிறார்கள். நாட்டுப்பசுப் பால் எல்லாம் ஏ2தானா? – வாசகி, வெள்ளவத்தை

பீற்றா கேசின் என்ற பால்புரதத்தின் 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, இஸ்ரிடின் இருந்தால் ஏ1. நாட்டுப்பசுவைப் போன்ற திமில் மாடுகளில் ஏ2 மிக அதிகம், பிரீசியனில் இரண்டும் உண்டு. கலப்பு மாட்டைத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது, டிஎன்ஏ சோதனை வேண்டும். உடல்நலக் கதைகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009இல் ஆராய்ந்து, ஏ1 பாலுக்கும் நோய்களுக்கும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. பால் சுத்தமாகக் கறந்ததா என்பதற்குக் கூடுதல் காசு கொடுங்கள்.

கிளிநொச்சியில் தம்பியின் பண்ணை. நாட்டுப்பசுவுக்கு ஜேர்சி ஊசி போட்டுப் பிறந்த நாகுகள் அருமையாகக் கறந்தன. அவற்றை அதே மாதிரிக் கலப்பு நாம்பனோடு விட்டோம். அடுத்த தலைமுறையில் பாதி தாயளவுக்குக் கறக்கவில்லை. ஏன்? – வாசகர், தெகிவளை

முதற்கலப்பின் சிறப்பில் ஒரு பங்கு கலப்பு வீரியம்: ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒன்று ஜேர்சி, ஒன்று நாட்டு மாடு. இந்தச் சோடிசேர்ந்த நிலையைப் பிள்ளைக்கு அப்படியே கொடுக்க முடியாது. நாம்பன் கொடுப்பது பாதியைத்தான், அது எந்தப் பாதி என்பது குலுக்கல். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் வீரியம் பாதியாகும். இதோடு சில கன்று ஜேர்சி பக்கம், சில நாட்டுப் பக்கம் சாய்ந்து மந்தை கலைந்துபோகும். கொழுகொழுவென்ற கலப்பு நாம்பன் கண்ணுக்கு அழகு. தகப்பனாக அது ஏமாற்று.

திரும்பவும் ஜேர்சியே போட்டால் முக்கால் ஜேர்சி. கிளிநொச்சி வெயிலுக்கும் வைக்கோல் தீனிக்கும் அது தாங்காது. கொட்டிலில் விசிறியும் வருடம் முழுக்கப் பசும்புல்லும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நடைமுறைக்கு ஏற்றது இரண்டை மாறி மாறிப் போடுவது: தகப்பன் ஜேர்சியான பசுவுக்குச் சகிவால் (திமில் உள்ள பால்மாட்டு இனம்), தகப்பன் சகிவாலான பசுவுக்கு ஜேர்சி. சில தலைமுறையில் ஜேர்சிப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஊசலாடும், வீரியத்தில் மூன்றில் இரண்டு நிற்கும். தகப்பன் யார் என்பது நினைவிருந்தால் போதும், வேறு கணக்குத் தேவையில்லை. பிரேசில்காரர் இந்த ஊசலையே நிறுத்தி, எட்டில் ஐந்து ஹோல்ஸ்ரைன் (பிரீசியன் வகை), எட்டில் மூன்று கீர் (இந்தியத் திமில் மாடு) என்று ஜிரொலாண்டோ இனத்தை நிலைப்படுத்தினார்கள். ஆனால் அதற்குப் பெரிய மந்தையும் பல தலைமுறைப் பதிவும் வேண்டும், ஒரு பண்ணைக்கு இயலாது.

கன்றின் மயிரை வைத்து அது எவ்வளவு பால் கறக்கும் என்று சொல்வார்களாம். எப்படி? இதை இலங்கையில் எங்கே படிக்கலாம்? – தரம் 13 மாணவி, பம்பலப்பிட்டி

மயிரின் வேரில் உள்ள டிஎன்ஏயைப் படித்துச் சொல்கிறார்கள். 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூவர் காட்டிய வழி இது. பால் பதிவும் டிஎன்ஏயும் இரண்டும் கையிலுள்ள ஆயிரக்கணக்கான மாடுகளை எடுத்து, டிஎன்ஏயில் உள்ள 50,000 அளவு அடையாளப் புள்ளிகளில் ஒவ்வொன்றும் பாலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணிக்கிறார்கள். பிறகு புதிய கன்றின் புள்ளிகளைப் படித்துக் கூட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2009 தை மாதம் ஹோல்ஸ்ரைனுக்கும் ஜேர்சிக்கும் இது அதிகாரபூர்வமானது. முன்பெல்லாம் ஒரு காளையின் மகள்கள் கறக்கும்வரை ஐந்தாறு வருடம் காத்திருந்தார்கள்.

அந்தச் சூத்திரத்தை இங்குள்ள கலப்பு மாட்டுக்கு அப்படியே பொருத்தினால் பிழையாகும். புள்ளிக்கும் மரபணுவுக்கும் உள்ள பிணைப்பு இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நல்ல மரபணு வவுனியாவில் நல்லதாக இருக்க வேண்டுமென்றும் இல்லை. நம் மாடுகளின் பால் பதிவு இல்லாமல் நமக்கான சூத்திரம் இல்லை. ஆயினும் ஒரு பயன் உடனே உண்டு: மறைந்த குறைகளைப் பிடிப்பது. 1962இல் பிறந்த ஆர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்கள். அதனிடம் மறைந்திருந்த ஒரு மரபணுப் பிறழ்வு இரட்டையானால் கரு வயிற்றிலேயே அழியும். அதனால் உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கன்றுகள் போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். கன்றே பிறக்காததால் பல பத்தாண்டு யாரும் கவனிக்கவில்லை. ‘சினைப்படவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

படிக்கப் பேராதனையில் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்திலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விலங்கு விஞ்ஞானம் உண்டு. உயிரியலோடு புள்ளிவிபரவியலையும் விடாதீர்கள். இத்துறையில் பாதி வேலை கணக்கு.

மாதிரி எடுக்கக் கேட்டால்: வால் நுனி மயிரை வெட்டாமல், வேரோடு இருபது முப்பது பிடுங்குங்கள். டிஎன்ஏ வேர்க்குமிழில்தான் வேண்டியளவு இருக்கிறது. சாணி பட்ட மயிர் வேண்டாம். கடதாசி உறையில் போட்டு மாட்டின் எண்ணை எழுதுங்கள். பொலித்தீனில் அடைத்தால் கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.