சுடத் தெரிந்த நெட்ரன்னர்

வணக்கம் அண்ணா,

ஹட்டனில் நாங்கள் நாலு பேர் ஞாயிறு பின்னேரங்களில் சைபர்பங்க் ரெட் என்ற, மேசையில் டைஸ் உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டை விளையாடுகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் இப்போது விளையாட்டின் வழக்கமான நகரமான நைட் சிட்டியை விட்டுவிட்டு இங்கேயே ஒரு கதை நடத்துகிறார்: 2045, மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைப் பெக்டரி, அதன் வாட்டல் மாடியில் ஒரு கம்பனியின் சர்வர். நான்தான் நெட்ரன்னர், அதாவது கூட்டத்தின் ஹெக்கர். இன்டெலிஜென்ஸ் 8, டெக் 8, ரிஃப்ளெக்ஸ் 4. நெட்டுக்குள் இருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள். துப்பாக்கியைத் தூக்கினால் ஒன்றும் படுவதில்லை. மீடியம் ஆர்மர்ஜாக் என்ற கவச உடையை வாங்கினால் தப்பலாமா? அல்லது பாத்திரத்தையே புதிதாக எழுத வேண்டுமா?

கே., ஹட்டன்

அன்புள்ள தம்பி,

புதிதாகவே எழுதுங்கள். உங்கள் தாளில் உள்ள பெரிய பிழை ஒன்றுதான். மற்றவை அதிலிருந்து வந்தவை. நெட்ரன்னரின் தொழில் திறமையான இன்டர்ஃபேஸின் சோதனைக்கு இன்டெலிஜென்ஸ் கூட்டப்படுவதில்லை. டெக்கும் இல்லை. பேக்டோர், ஸ்லைட், ஸாப், கன்ட்ரோல் என்று நெட்டுக்குள் செய்யும் செயல் எதுவானாலும் இன்டர்ஃபேஸ் ரேங்கும் ஒரு பத்துப்பக்க டைஸும்தான். ஹெக்கர் என்றால் மூளைக்காரன் என்று நினைத்து அந்த இரண்டிலும் 16 புள்ளிகளைப் போட்டுவிட்டீர்கள். நெட்டுக்குள் அவை ஒரு சதத்துக்கும் உதவாது. ஆகவே 62 ஸ்டாட் புள்ளிகளையும் தாராளமாகச் சண்டைப் பக்கம் திருப்பலாம்.

நான் பிரிப்பது இப்படி: ரிஃப்ளெக்ஸ் 8, டெக்ஸ்டெரிட்டி 7, வில் 7, பாடி 6, மூவ் 6, இன்டெலிஜென்ஸ் 6, லக் 6, எம்பதி 6, டெக் 5, கூல் 5. பாடியும் வில்லும் சேர்ந்து 13; பாதி 6.5, மேலே முழுமையாக்கினால் 7. அதை ஐந்தால் பெருக்கிப் பத்தைக் கூட்ட 45 உயிர்ப்புள்ளி வரும். இரண்டையும் 6 என்று வைத்திருந்தால் 40தான். அந்த ஒற்றைப் புள்ளியின் பெறுமதி நெட்ரன்னருக்கு மிகப் பெரியது. நெட்டைக் காவல் காக்கும் பிளாக் ஐஸ் புரோகிராம்கள் மூளைக்குத் தரும் சேதத்தைக் கவசம் தடுக்காது, அது நேரே உயிர்ப்புள்ளியில் விழும்.

ரிஃப்ளெக்ஸில் 8க்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது. 8 இருந்தால்தான் சுடப்படும் ரவையை எவேஷனால் விலக்கலாம். நீங்கள் கேட்ட மீடியம் ஆர்மர்ஜாக் இங்கேதான் காலை வாரும். எஸ்பி (கவசம் தடுக்கும் சேத அளவு) 12 தருகிறது, சரி. ஆனால் ரிஃப்ளெக்ஸ், டெக்ஸ்டெரிட்டி, மூவ் மூன்றிலும் இரண்டைப் பிடுங்கிக்கொள்கிறது. ரிஃப்ளெக்ஸ் 6 ஆனதும் ரவையை விலக்கும் உரிமை போய்விடும். லைட் ஆர்மர்ஜாக் எஸ்பி 11, தண்டனை எதுவும் இல்லை. ஒரு புள்ளி எஸ்பிக்காக இவ்வளவையும் இழக்காதீர்கள். தலைக்குத் தனியாக வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஸ்கில் புள்ளிகள் 86. கட்டாயமான 13 ஸ்கில்களுக்கு இரண்டிரண்டாக 26 போனால் மீதி 60. ஹேண்ட்கன், மெலீ, எவேஷன், ஸ்டெல்த், பெர்செப்ஷன் ஐந்தையும் 6க்குக் கொண்டுவாருங்கள். எலெக்ட்ரோனிக்ஸ் இரட்டை விலை, ஆகவே அளவோடு. ரிஃப்ளெக்ஸ் 8, ஹேண்ட்கன் 6 என்றால் அடித்தளம் 14. கைத்துப்பாக்கிக்கு 6 மீற்றருக்குள் இலக்கு 13, 12 மீற்றர் வரை 15. இலக்கைத் தாண்ட வேண்டும், சமமானால் போதாது. அப்படியிருந்தும் டைஸில் 1 விழாதவரை படும். 13 மீற்றரிலிருந்து இலக்கு 20. அங்கே 7 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், பத்துக்கு நாலு தரம்தான். எதிரியும் ரவையை விலக்கக்கூடியவனாக இருந்தால் இந்த எண்கள் செல்லாது, அவனுடைய எவேஷனோடு போட்டிதான். நெட்டின் வாசலான அக்சஸ் பொயின்டிலிருந்து உள்ளே நுழையும் தூரமும் 6 மீற்றர்தான். நீங்கள் ஹெக் செய்யும் இடமும் உங்கள் துப்பாக்கி தவறாத இடமும் ஒரே வட்டம்.

துப்பாக்கியில் வெரி ஹெவி பிஸ்டலே என் தெரிவு. அதன் சேதம் நான்கு ஆறுபக்க டைஸ், சராசரி 14. எஸ்பி 11ஐத் தாண்டி 3 சேதம் உள்ளே போகும். ஹெவி பிஸ்டல் இரண்டு தரம் சுட்டாலும் ஒரு சூட்டின் சராசரி 10.5, பாதிக்கு மேற்பட்ட சூடுகள் கவசத்திலேயே நின்றுவிடும். ஆனால் வெரி ஹெவியை உடைக்குள் மறைக்க முடியாது. சோதனைச்சாவடி உள்ள வேலை என்றால் ஹெவிதான்.

இனி உண்மையான சிக்கல். ஒரு டேர்னில் உடலால் ஒரு செயல், அல்லது நெட் செயல்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நகர்வு மட்டும் எப்போதும் உண்டு. இன்டர்ஃபேஸ் 4க்கு மூன்று நெட் செயல்கள். முதல் டேர்னில் நெட்டில் நுழைய (ஜாக் இன்) ஒன்று, ஆர்மர் என்ற காப்புப் புரோகிராமை இயக்க ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பாத்ஃபைண்டர் ஒன்று. மூன்றும் முடிந்தன, சுட ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே முடிவு இப்படி இருக்கட்டும்: உங்களை நோக்கி ஒருவன் வருகிறான் என்றால் சுடுங்கள். உங்கள் கூட்டத்தையே மறிக்கும் கதவோ தானியங்கித் துப்பாக்கியோ இருந்தால் நெட்டுக்குப் போங்கள். வாட்டல் மாடியில் மூன்று காவலர்கள் படியேறும்போது நெட்டிலிருந்து கருவிகளை இயக்கும் கன்ட்ரோல் நோட் வழியாக இரும்புக்கதவை இறக்குவது, அவர்களில் ஒருவனைச் சுடுவதைவிடப் பெறுமதியானது. வாட்டல் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நகரலாம், ஆனால் 6 மீற்றரைத் தாண்டினால் பாதுகாப்பில்லாமல் வெளியே தூக்கி எறியப்படுவீர்கள். வழியில் சந்தித்து அழிக்காமல் விட்ட பிளாக் ஐஸ் எல்லாம் ஒரேயடியாகத் தாக்கும். மயங்கி விழுந்தாலும் அதே கதிதான்.

காசு 2550 யூரோடொலர். உடலில் பொருத்தும் நியூரல் லிங்க் 500, இன்டர்ஃபேஸ் பிளக்ஸ் 500, புரோகிராம்களுக்கு ஏழு இடமுள்ள ஹெக்கிங் கணினியான சைபர்டெக் 500, நெட்டைப் பார்க்கும் கண்ணாடி 100, உடலுக்கும் தலைக்கும் கவசம் 200, பிஸ்டல் 100. புரோகிராம்களில் ஸ்வோர்ட், ஆர்மர், வேர்ம் தலா 50; சீ யா, ஷீல்ட், இரேசர் தலா 20. ஏழாவது இடத்தில் 100க்கு இன்சுலேட்டட் வயரிங்கைப் போடுங்கள். அது இல்லாமல் ஹெல்ஹவுண்ட் என்ற பிளாக் ஐஸ் கடித்தால் உடை தீப்பிடிக்கும். ஒவ்வொரு டேர்ன் முடிவிலும் 2 சேதம், அணைக்க ஒரு உடல் செயல் வேண்டும். நெட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் அல்லாடும் உங்களுக்கு அந்த ஒரு செயல் போவது உயிருக்கே ஆபத்து. மிச்சத்தில் ஒரு ஹெவி மெலீ ஆயுதம் 100, ஏஜென்ட் என்ற கைபேசி 100, 50 ரவை 50. கையில் 90 நிற்கும். கத்தி எதிரியின் எஸ்பியைப் பாதியாகவே எண்ணும், ஆகவே அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

முதல் சம்பளத்தில் துப்பாக்கியில் பொருத்தும் ஸ்மார்ட்கன் லிங்க், 500. அதற்குத் தேவையான பிளக்ஸ் உங்கள் உடலில் ஏற்கனவே இருப்பதால் கூடுதல் ஹியூமனிட்டி (உடலில் கருவி பொருத்தப் பொருத்தக் குறையும் மனிதத்தன்மைப் புள்ளி) போகாது, சுடுவதில் ஒன்று கூடும். அடுத்தது உடலில் பொருத்தும் கெரென்ஸிகோவ்: யார் முதலில் செயற்படுவது என்ற இனிஷியேட்டிவில் 2 கூடும், ஹியூமனிட்டியில் 14 போகும். லிங்கும் பிளக்ஸும் ஏற்கனவே 60ஐ 46 ஆக்கியிருக்கும். இதன் பின் 32, எம்பதி 3. பேசிச் சமாளிக்கும் வேலையைக் கூட்டத்தில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

அனுபவப் புள்ளிகள் சேரும்போது இன்டர்ஃபேஸையே உயர்த்த ஆசை வரும். நாலாவது நெட் செயல் ரேங்க் 7இல்தான் கிடைக்கும். 4இலிருந்து அங்கே போக 300, 360, 420 என்று 1080 புள்ளி. சண்டைக்காரர் தொழிலான சோலோவை இரண்டாம் தொழிலாக எடுத்து ரேங்க் 4 வரை கொண்டுபோக 600 போதும். உங்கள் கூட்டத்தில் வேறு நெட்ரன்னர் இல்லாததால் முதலில் இன்டர்ஃபேஸை 5 ஆக்குங்கள், பிறகு சோலோ. ஹேண்ட்கனை 7 ஆக்க 140 ஆகும். அதை இரண்டுக்கும் நடுவில் எடுக்கலாம்.