சம்பளம் குடுக்கறவருக்கு எது வரைக்கும் தெரியணும்?

வாசகர் கடிதம்:

சார் வணக்கம். வேலை இடத்துல போதை டெஸ்ட் வைக்கறதைப் பத்தி நீங்க எழுதினதை படிச்சேன், கொஞ்சம் ஊழியர் பக்கமாவே எழுதிட்டீங்கன்னு பட்டுது. நான் ஒரு கம்பெனில ஹெச்.ஆர். மேனேஜர். குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவங்க, லாரி டிரைவருங்க, ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாரும் இருக்காங்க. எல்லாருக்கும் திடீர் யூரின் டெஸ்ட் வைக்கணும், பாலிசி எழுதுங்கன்னு எம்.டி. சொல்லியிருக்கார். புதுசா சேர்றவங்களுக்கு ஏற்கனவே உண்டு, லேப்ல இருந்து ரிப்போர்ட் நேரா எனக்கு மெயில்ல வரும், நான் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுவேன். ஒரே ஒரு தடவைதான் அக்கவுன்ட்ஸ்ல சேர்ந்த ஒரு அம்மாவுக்கு பாசிட்டிவ் வந்து, அப்புறம் விசாரிச்சா பல் ஆபரேஷனுக்கு டாக்டர் குடுத்த கோடீன்ங்கற ஓபியம் வகை வலி மாத்திரை. அதுக்குள்ள அவங்களே வேலையை விட்டுட்டாங்க. அது ஒரு விதிவிலக்கு. தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்? சம்பளம் குடுக்கறவருக்கு தெரிஞ்சுக்கற உரிமை கிடையாதா? (பேர் போட வேண்டாம் சார்.)

பதில்:

வணக்கம். பேரை எடுத்துட்டேன். நீங்க ஒரு தப்பும் பண்ணல, ஆனாலும் எம்.டி. கண்ணுல பட்டா என்ன ஆகுமோன்னு பேர் வேண்டாம்னுட்டீங்க பாருங்க, தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்ங்கறதுக்கு அதுவே பதில், நான் வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

உரிமை விஷயத்துக்கு வரேன். உரிமை இருக்கு, நான் இல்லன்னு சொல்லவே இல்லையே. ஃபோர்க்லிஃப்ட்ல ஏறப்போறவர் இப்போ நிதானத்துல இருக்காரான்னு பாக்கறது முதலாளியோட உரிமை மட்டுமில்ல, கடமையும்தான், ஏன்னா அந்த வண்டிக்கு முன்னாடி நடந்து போறவரும் அவர்கிட்ட சம்பளம் வாங்கறவர்தான். ஆனா போன சனிக்கிழமை ராத்திரி அவர் என்ன பண்ணிட்டிருந்தார்ங்கறது வேற கேள்வி. யூரின் டெஸ்ட் இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, முதல் கேள்விக்கு அதுகிட்ட பதிலே கிடையாது.

எப்படின்னா, சாராயம் குடிச்சவரை ஊதச்சொல்லி பாக்கறோம்ல, அதுல வர்ற அளவுக்கும் அப்போதைய போதைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. யூரின்ல பாக்கறது பெரும்பாலும் போதைப் பொருளை இல்ல, உடம்பு அதை உடைச்சு வெளிய தள்ளற கழிவை. கஞ்சாவோட கழிவு கொழுப்புல தங்கி மெதுவாத்தான் வெளிய வரும், தினமும் பழக்கம் இருந்தவருக்கு விட்டு 30 நாள் ஆனப்புறம் கூட பாசிட்டிவ் காட்டலாம், போதை என்னவோ சில மணி நேரத்துலயே இறங்கியாச்சு. கொக்கெய்ன் பொதுவா ரெண்டு மூணு நாள்ல காணாம போயிடும். ராத்திரி முட்ட முட்ட குடிச்சவர் மறுநாள் மத்தியானம் ஊதினா சுத்தமா இருக்கலாம். ஆக உங்க எம்.டி. சொல்ற டெஸ்ட்ல அதிகம் மாட்டறவர் ரொம்ப ஆபத்தானவர் இல்ல, எந்த பொருள் உடம்புல அதிக நாள் தங்குதோ அதை எடுத்தவர். கலிஃபோர்னியால இதை புரிஞ்சுகிட்டு, போதை தராத அந்த கஞ்சா கழிவை மட்டும் வச்சு ஒருத்தரை வேலைக்கு எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு 2024 ஜனவரி 1ல இருந்து சட்டமே இருக்கு, கட்டுமானத் தொழில் மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு.

அந்த அக்கவுன்ட்ஸ் அம்மாவை நீங்க ரெண்டு வரில விதிவிலக்குன்னு தள்ளிட்டீங்க, எனக்கு அப்படி தாண்டிப்போக முடியல. அமெரிக்காவுல டிரைவர், பைலட் வேலைகளுக்கு நடக்கற டெஸ்ட்டை பாருங்க. டாய்லெட் தண்ணில நீலச்சாயம் கலந்திருப்பாங்க, குழாயை அடைச்சிருப்பாங்க, வெளிய ஒருத்தர் காத்துகிட்டிருப்பார், கப்பை வாங்கின உடனே நாலு நிமிஷத்துக்குள்ள சூடு 32ல இருந்து 38 டிகிரிக்குள்ள இருக்கான்னு பாப்பார், இல்லன்னா ஏதோ கலந்துட்டாங்கன்னு சந்தேகம். இவ்வளவு கெடுபிடி பண்ற அதே விதிமுறை இன்னொன்னும் சொல்லுது: லேப் ரிசல்ட் நேரா முதலாளிக்கு போகவே கூடாது. நடுவுல மெடிக்கல் ரிவ்யூ ஆபீசர்னு ஒரு டாக்டர் இருப்பார். பாசிட்டிவ் வந்தா அவர் அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணி என்ன மருந்து சாப்பிடறீங்க, பிரிஸ்கிரிப்ஷன் இருக்கான்னு கேட்டு, அது சரியா இருந்தா கம்பெனிக்கு நெகட்டிவ்னுதான் சொல்லுவார். பாசிட்டிவ்னு உறுதி பண்ணிட்டாலும், எடுத்த சாம்பிள்லயே தனியா பிரிச்சு வச்ச பாட்டிலை இன்னொரு லேப்ல பாருங்கன்னு கேக்க 72 மணி நேரம் டைம் உண்டு. உங்க ஏற்பாட்டுல அந்த டாக்டர் வேலையை நீங்க பண்றீங்க, அதையும் பண்ணாம ஃபார்வர்ட் அமுக்கிட்டீங்க. அவங்களுக்கு பல் வலின்னு கூட டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியம் இல்ல. அந்த மெயில் இன்னும் எத்தனை பேர் இன்பாக்ஸ்ல கிடக்குன்னு இன்னிக்கே பாருங்க, அந்த ரிசல்ட் டாக்டர் குடுத்த மருந்தாலதான் வந்துச்சு, அவங்க மேல தப்பில்லன்னு எழுத்துல ஒரு கடிதமும் குடுங்க.

(கோடீன் மட்டுமில்ல, கசகசா சாப்பிட்டவங்க கூட மாட்டிகிட்டதாலதான் 1998ல அமெரிக்க அரசு ஓபியம் வகைக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம்ல இருந்து 2000க்கு ஏத்துச்சு.)

வாங்கின சாம்பிளை எதுக்குதான் பயன்படுத்தப் போறோம்ங்கறதும் இருக்கு. வாஷிங்டன் போலீஸ்ல 1980கள்ல போதை டெஸ்ட்டுக்குன்னு வாங்கின யூரின்ல, பெண்களுக்கு தெரியாமலே கர்ப்பமான்னும் பாத்திருக்காங்க. கப்பு ஒண்ணுதான், அதுல படிக்க முடியற சங்கதி நிறைய.

உங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். 1987 ஜனவரில மேரிலாந்துல சேஸ்ங்கற இடத்துல சிக்னலை தாண்டி வந்த இன்ஜின்கள் மேல பாசஞ்சர் ரயில் மோதி 16 பேர் செத்தாங்க, இன்ஜின் ஓட்டினவரும் கூட இருந்தவரும் கஞ்சா பிடிச்சிருந்தாங்க. அதே இன்ஜின்ல எச்சரிக்கை விசிலை டேப் போட்டு ஒட்டி சத்தம் வராம பண்ணி வச்சிருந்ததும் விசாரணைல வந்துச்சு, அதைக் கண்டுபிடிக்க யூரின் வேண்டாம், வண்டியை ஒரு தடவை ஏறிப் பாத்தா போதும். 1989ல ரயில்வே டெஸ்ட் செல்லும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அதே நாள் சுங்கத்துறை ஊழியர்கள் கேஸ்லயும் ஒன்பது நீதிபதிகள்ல அஞ்சு பேர் சரின்னு சொல்லி டெஸ்ட் செல்லும்னு வந்துச்சு, ஆனா ரயில்வே கேஸ்ல சரின்னு சொன்ன நீதிபதி ஸ்கலியா இதுல மாட்டேன்னுட்டார். அவர் ஒண்ணும் புரட்சிக்காரர் இல்ல, பழமைவாதின்னு பேர் எடுத்தவர். ரயில்ல போதையால விபத்து நடந்ததுக்கு கணக்கு இருக்கு, சுங்கத்துறைல அப்படி ஒரு சம்பவத்தையாவது காட்டினீங்களாங்கறதுதான் அவர் கேள்வி. கனடா உச்ச நீதிமன்றம் 2013ல இர்விங் காகித ஆலை கேஸ்ல இன்னும் கறாரா இருந்துச்சு, ஆலை ஆபத்தான இடம்தான், ஆனா 15 வருஷத்துல எட்டு குடி சம்பவத்தை காட்டி கண்டபடி ஆளைக் கூப்பிட்டு ஊதச்சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

அதனால பாலிசி எழுதறப்போ ஆபீஸ் ஸ்டாஃபை முழுசா விட்டுடுங்க. வண்டி ஓட்டறவங்களுக்கு விபத்துக்கு அப்புறமும், நடை பேச்சு வாசனைன்னு கண்ணுக்கு தெரியற காரணத்தை ரெண்டு சூப்பர்வைசர் எழுதி கையெழுத்து போட்டா அப்பவும் டெஸ்ட் வைக்கலாம், திடீர் டெஸ்ட் வேணும்னா உங்க ஊர் சட்டம் அதை கேக்குதான்னு முதல்ல பாருங்க. ரிசல்ட் டாக்டருக்கு, உங்களுக்கு வண்டி ஓட்டலாம் ஓட்டக்கூடாதுங்கற ஒரு வரி மட்டும். டபுள் ஷிஃப்ட் உண்டான்னு நீங்க எழுதல, உண்டுன்னா அதையும் இதே பாலிசில சேருங்க, 17 மணி நேரம் தூங்காம இருந்தவரோட கை கண் ஒத்துழைப்பு ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கறவர் அளவுக்கு இறங்கிடுதுன்னு 1997லயே நேச்சர் இதழ்ல ஆய்வு வந்தாச்சு, அதுக்கு எந்த கம்பெனியும் கப்பு நீட்டறதில்ல.

இன்னொரு வரியும் வேணும், எம்.டி. அதை அடிச்சு எடுக்கப் பாப்பார், விட்டுக்குடுக்காதீங்க. தானா வந்து எனக்கு இதை விட முடியல, உதவி வேணும்னு சொல்றவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, சிகிச்சை முடியற வரைக்கும் வண்டி சாவி மட்டும் வேற ஆள்கிட்ட இருக்கட்டும். இது இல்லன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, டெஸ்ட் தேதி வரைக்கும் மறைச்சுகிட்டே வண்டி ஓட்டுவாங்க.