தீனி நேரத்துல கதவை உதைக்கிற குதிரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், போன ஆடியில அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில குஜராத் பக்கத்து இனமான கத்தியவார் பெண் குதிரை ஒண்ணு வாங்கினோம். மத்த நேரமெல்லாம் சாதுவா இருக்கு, ஆனா கொள்ளு வாளிய கையில எடுத்தாலே லாயத்து கதவை முன்னங்காலால உதைக்குது, உள்ள போனா மூஞ்சியால முட்டி வாளிய பிடுங்குது. ரெண்டு அடி போட்டா சரியாயிரும்ங்கறார் அப்பா. என்ன பண்ணலாம்? (ஈரோடு மாவட்டத்து வாசகர்)

பதில்: அடி வேணவே வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க தம்பி. தீனி வர்ற நேரத்துல அடி விழுந்தா, மனுஷன் வந்தாலே தீனிய காப்பாத்திக்கணும்னு அதுக்கு தோணிடும், இப்ப முட்டுறது நாளைக்கு கடிக்கும்.

முதல்ல அதோட வயித்தைப் பாருங்க. குதிரை வெட்டவெளியில இருந்தா ஒரு நாள்ல 14, 16 மணி நேரம் கூட மேய்ஞ்சுகிட்டே இருக்கும், அதோட இரைப்பை உடம்புக்கு ரொம்ப சின்னது, அதுல அமிலம் தீனி இருந்தாலும் இல்லாட்டியும் ஊறிகிட்டே இருக்கும், ஆனா அதை தணிக்கிற எச்சில் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். இப்படிப்பட்ட ஜீவனை காலைல ஒரு வாளி சாயங்காலம் ஒரு வாளின்னு வச்சுட்டு நடுவுல வெறும் வயித்தோட கட்டிப்போட்டா அது கதவை உதைக்காம என்ன செய்யும்? எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, பசியில இருக்கிற குதிரைய திமிர் புடிச்சதுன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. 350 கிலோ குதிரைன்னா நாளைக்கு 5லேர்ந்து 7 கிலோ காய்ஞ்ச புல்லோ சோளத்தட்டோ வேணும், அதை நாலஞ்சு தடவையா பிரிச்சுப் போடுங்க, கொள்ளு வைக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் கொஞ்சம் புல் போட்டுடுங்க. இப்ப போடுறதை விட இது அதிகம்னா ஒரே நாள்ல மாத்தாம ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வயித்து வலி வந்தா உயிருக்கே ஆபத்து.

வயிறு காலியா இல்லாதப்பதான் பொறுமைய சொல்லித்தர முடியும். உள்ள போகாதீங்க, கதவுக்கு வெளியவே வாளியோட நில்லுங்க. உதைச்சா திட்டாதீங்க, கத்தாதீங்க, ரெண்டு எட்டு பின்னாடி போயிடுங்க. நாலு காலும் தரையில இருக்கு, மூஞ்சி வாளிப்பக்கம் நீட்டாம நேரா இருக்குன்னா அந்த நொடியே "சரி"ன்னு ஒரே குரல்ல சொல்லி ஒரு பிடி கொள்ளை தொட்டியில போடுங்க. ஆரம்பத்துல ஒரு நொடி நின்னாலே போதும், அப்புறம் மூணு நொடி, அஞ்சு நொடின்னு நீட்டுங்க, ஆனா அரை மணி நேரம் காக்க வச்சு சோதிக்காதீங்க. நின்னா தீனி வரும், உதைச்சா தீனி தள்ளிப் போகும், இவ்வளவுதான் அதுக்குப் புரியணும்.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன், முதல் சில நாள் உதை இன்னும் ஜாஸ்தியாகும். இத்தனை நாள் உதைச்சப்பல்லாம் வாளி வந்துச்சு, இப்ப ஏன் வரலன்னு இன்னும் ஓங்கி உதைச்சுப் பாக்கும். அந்த நேரம் பாத்து சத்தம் தாங்காம யாராவது தீனிய வச்சுட்டா, ஓங்கி உதைச்சாதான் கிடைக்கும்னு கத்துக்கும், அப்புறம் மாத்துறது பெரும்பாடு. அதனால வீட்டுல யார் தீனி வச்சாலும், அப்பாவோ வேலைக்கு வர்றவரோ, எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும்.

அப்புறம் கத்தியவார் குதிரைக்கு காது நுனி உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடும் இல்லையா, நுனிய வச்சு கோவமா இல்லையான்னு சொல்ல முடியாது, காதோட அடிப்பாகத்தைப் பாருங்க, அந்த அடிப்பாகமே கழுத்துப்பக்கம் படுத்துடுச்சுன்னா கோவம், விலகி நில்லுங்க. தொட்டியில போட்டப்புறம் திரும்ப கை விட்டு எடுக்காதீங்க, அது சாப்பிடற வரைக்கும் தனியா விட்டுடுங்க.

கேள்வி: ரெண்டு குதிரைய ஒரே இடத்துல விட்டு தீனி போடுறோம், பெருசு சின்னதை விரட்டுது, சின்னது இளைச்சுகிட்டே போகுது.

பதில்: புல்லை மூணு குவியலா போடுங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல குதிரை திரும்பி உதைச்சாலும் எட்டாத தூரம் இருக்கட்டும், பெருசு ஒரு குவியலுக்கு வந்தா சின்னதுக்கு போக இன்னொண்ணு காலியா இருக்கும். முதல் குவியல் பெருசுக்கு. கொள்ளு, தவிடு மட்டும் தனித்தனியா கட்டித்தான் வைக்கணும், அதுல சமரசம் வேணாம். இளைச்சதை கால்நடை டாக்டர்கிட்டயும் காட்டுங்க, பல்லு, குடல்புழு ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: பசங்க கையால வெல்லம் குடுத்து பழக்கிட்டாங்க, இப்ப எல்லார் பாக்கெட்டையும் கடிக்குது.

பதில்: கையால குடுக்கிறதை இன்னையோட நிறுத்துங்க. குடுக்கணும்னு ஆசைன்னா கேரட்டை நீளவாக்குல வெட்டி தொட்டியில போடச் சொல்லுங்க, அதுவும் பெரியவங்க பக்கத்துல இருக்கும்போது, குதிரை மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிகிட்டு நிக்கும்போது மட்டும்.