வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்காக வீட்டின் மேல் இன்னொரு கடன் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு. கணக்கிலும் ஃபிசிக்கல் சயின்சிலும் நல்ல மதிப்பெண், லைஃப் சயின்சில் சுமார். டர்பனில் மருத்துவ இடம் கிடைக்காது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் உம்லாங்காவில் இருக்கும் பெரியப்பா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: வீட்டின் மேல் இரண்டாவது பாண்டு (அடமானக் கடன்) எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், ஆறு வருடத்தில் டாக்டராகத் திரும்பி வருவாள். மகள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்கள் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன். அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

கட்டணத்தை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும், நீங்கள் சம்பாதிப்பதோ ராண்டில். ராண்ட் சரிகிற ஒவ்வொரு வருடமும் உங்கள் சுமை கூடும். படித்து முடித்து வந்தாலும் உடனே டாக்டர் ஆகிவிட முடியாது. டாக்டர்களைப் பதிவு செய்யும் ஹெச்பிசிஎஸ்ஏ அமைப்பின் தேர்வில் தேற வேண்டும், அப்புறம் இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட கம்யூனிட்டி சர்வீஸ் என்ற கட்டாயப் பணி. இதற்கெல்லாம் அரசு நிதி ஒதுக்கிய பணியிடம் வேண்டும். இங்கேயே படித்த டாக்டர்கள் வேலை கேட்டுப் போராடியதை 2024இல் நாமே பார்த்தோம். இவ்வளவையும் ஒரு பெண் தாங்குவாள், அவளுக்கே அந்த ஆசை இருந்தால். உங்கள் கடிதத்தில் மகளுக்கு மருத்துவத்தில் ஆசை என்று ஒரு வரி கூட இல்லை.

வேறொரு வரி இருக்கிறது. குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை ஆனால் ஃபீனிக்ஸில் இருக்கும் மாமாவின் தச்சுப் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். பூஜை அலமாரிப் பலகையைக் காட்டி, "மாட்டிய அன்றைக்கு நேராக இருந்தது, பாரமும் கூடவில்லை, பின்னே ஏன் இப்போது வளைந்திருக்கிறது?" என்று வேண்டாத கேள்வி கேட்கிறாளாம்.

அது வேண்டாத கேள்வி இல்லை. அந்த ஒரு கேள்வியை வாழ்நாள் முழுக்க ஆராய்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். பாரம் கூடாமலே காலம் போகப் போக ஒரு பொருள் வளைந்துகொண்டே போவதை அவர்கள் க்ரீப் என்கிறார்கள். சாதாரண வெப்பத்தில் எஃகில் இது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. மரத்தில் உண்டு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த கலவைப் பொருளிலும் உண்டு. இந்த இரண்டும் பல மின்கம்பங்களிலும், சில மின்கோபுரங்களில் கம்பியைத் தாங்கும் குறுக்குக் கைகளிலும் இருக்கின்றன. கம்பியின் எடை இரவும் பகலும் இறங்காத பாரம். பல பத்தாண்டுகளுக்கு அப்படியே தொங்கும்.

மரம் வெயிலிலும் மழையிலும் நிற்கும்போது விஷயம் இன்னும் மோசம். ஒரே அளவு ஈரத்தில் இருக்கும் மரத்தைவிட, நனைந்து காய்ந்து மறுபடி நனையும் மரம் அதிகமாக வளையும். யூரோகோட் 5 என்ற ஐரோப்பிய மரக் கட்டுமான விதி இதற்கு ஓர் எண் தருகிறது: கட்டடத்துக்குள் உலர்ந்த இடத்தில் 0.6, வெட்டவெளியில் 2.0. முதல் நாள் வளைவை இந்த எண்ணால் பெருக்கி, வருவதை அதோடு கூட்ட வேண்டும். நிலையான பாரம் ஏற்றிய அன்று 10 மில்லிமீட்டர் வளைந்த உத்தரம், உள்ளே இருந்தால் காலப்போக்கில் 16 மில்லிமீட்டருக்கு வரும், வெளியே இருந்தால் 30க்கு. பலத்திலும் இதே கதை. அமெரிக்காவில் மேடிசன் நகர மர ஆய்வகம் 1951இல் வெளியிட்ட கணக்குப்படி, பத்து வருடம் தொடர்ந்து தாங்க வேண்டுமானால், சில நிமிடச் சோதனையில் மரம் தாங்கிய பாரத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் அதன் மேல் ஏற்றலாம்.

மாமாவிடம் ஒரே மரத்தில் அறுத்த இரண்டு மெல்லிய சட்டங்கள் வாங்கிக் கொடுங்கள். ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை மழை படும் இடத்திலும் இரண்டு முனையில் தாங்கி வைத்து, நடுவில் ஒரே எடையைத் தொங்கவிடட்டும். ஞாயிறுதோறும் வளைவை அளந்து எழுதட்டும். இரண்டு மாதம் யாரும் சொல்லாமலே அளந்தாள் என்றால், அவள் நாட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் எந்த ஆப்டிட்யூட் டெஸ்டிலும் இல்லை.

உலகத்தில் இது எங்கே நடக்கிறது என்று கேட்பீர்கள். மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 132 கிலோவோல்ட் கோபுரங்களின் உடல் எஃகு, பலவற்றில் குறுக்குக் கை மட்டும் சென்கால் என்ற கடின மரம். மின்னல் அதிகமான நாடு. மின்பொறி பாய்ந்தால் அதை அணைக்க மரம் உதவும் என்று அப்படி வைத்தார்கள். வருடங்கள் போக அந்தக் கைகள் தேய்ந்து தளர்ந்தன. இப்போது கண்ணாடி இழைக் கைகளும் பயன்பாட்டில் இருக்கின்றன. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலாவ் மரக் கையையும் கண்ணாடி இழைக் கையையும் பாரம் தொங்கவிட்டு 1000 மணி நேரம் அளந்தார்கள். துணைச் சட்டங்கள் சேர்த்தால் வளைவு குறைகிறது என்று காட்டினார்கள்.

கலவைப் பொருளைச் செய்யும் விதமே பார்க்க அழகாக இருக்கும். ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, சூடான அச்சு வழியாக இழுத்தால் மறுபக்கம் கெட்டியான குழாயாக வரும். பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் இழை, மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினைத் தின்னும், அமிலம் பட்டால் இழையில் விரிசல் விழும். இதையெல்லாம் வைத்து இன்னும் ஐம்பது வருடத்தில் இந்தக் கை எவ்வளவு தாழும் என்று இன்றைக்கே சொல்வதுதான் வேலை. வில்லியம் ஃபின்ட்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரண்டு வகை பிளாஸ்டிக்கை 26 வருடம் பாரத்தில் வைத்து அளந்து 1987இல் முடிவை வெளியிட்டார். அவருடைய சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டில்? 400 கிலோவோல்ட் பெருங்கோபுரங்கள் எஃகுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஊருக்குள்ளும் பண்ணைகளுக்கும் போகும் விநியோகக் கம்பங்களில் பெரும்பகுதி கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிப் பதனிட்ட யூகலிப்டஸ். அதில் எவ்வளவோ நம் க்வாசூலு-நட்டால் தோட்டங்களில் வளர்கிற மரம். கடலோர உப்பு படிந்த கம்பத் தலையில் மின்கசிவால் தீப்பிடிப்பது, புல்வெளித் தீ, கறையான், அடிக்கம்பம் உளுத்துப்போவது என்று பிரச்சினைக்குப் பஞ்சமில்லை. எஃகுச் சட்டங்களைத் திருடர்கள் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்கிறார்கள், கண்ணாடி இழையை வாங்க ஆள் இல்லை. கலவைப் பொருளின் பக்கம் பார்வை திரும்ப அதுவும் ஒரு காரணம். 2024 ஜூலையில் மின் அனுப்பீட்டுக்கென்று தனி தேசிய நிறுவனம் இயங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த பத்து வருடத்தில் 14,000 கிலோமீட்டருக்கு மேல் புதிய தடங்கள் போடும் திட்டம் இருக்கிறது.

மரமும் கலவைப் பொருளும் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்கும் இந்தத் துறை சின்னது. இதே பெயரில் வேலை விளம்பரம் வாராவாரம் வராது. அதனால் முதல் பட்டம் அகலமாக இருக்கட்டும்: க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலோ டியூடி என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சிவில் அல்லது மெக்கானிக்கல். அப்புறம் மாஸ்டர்ஸில் மரமோ கலவைப் பொருளோ எடுக்கலாம். மரத்திலேயே மனம் நின்றால் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் வனம் மற்றும் மர அறிவியல் பட்டம் நான்கு வருடம். நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வளாகத்தில் மரத் தொழில்நுட்ப டிப்ளமோவும் உண்டு. பட்டப் படிப்புக்கு மேத்ஸ் வேண்டும், மேத்ஸ் லிட்ரசி என்ற எளிய கணக்குப் பாடம் போதாது. யாராவது மதிப்பெண்ணுக்காக மாறச் சொன்னால் கேட்காதீர்கள். உறவினர்கள் "கம்பம் நடுகிற வேலையா?" என்பார்கள். நடுவதும் மதிப்பான வேலைதான். இவள் செய்யப்போவது எந்தக் கம்பம் எத்தனை வருடம் நிற்கும் என்ற கணக்கு. பொறியியல் பட்டத்துக்குப் பின் பயிற்சி முடித்து, பொறியாளர்களைப் பதிவு செய்யும் ஈசிஎஸ்ஏ அமைப்பில் பதிந்தால், மின்வாரியம், நகராட்சி, வடிவமைப்பு நிறுவனம், சோதனைக்கூடம் என்று கதவுகள் பல.

பணம் பற்றிக் கடைசியாக. குடும்பத்தின் மொத்த வருட வருமானம் 350,000 ராண்டுக்குள் என்றால் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி கேட்கலாம். அந்த உதவி வெளிநாட்டுப் படிப்புக்கு வராது. வருமானம் அதற்கு மேல் என்றால் நிறுவனங்களின் பர்சரி என்ற உதவித்தொகை. பெரும்பாலும் படித்த வருடங்களுக்கு ஈடாக அங்கேயே வேலை செய்யச் சொல்வார்கள். அதை நான் சுமையாகப் பார்க்கவில்லை, முதல் வேலை உறுதி. இரண்டுமே கிடைக்காவிட்டாலும் வீட்டில் தங்கி டர்பனிலேயே படிப்பது உங்களால் முடியும். வீட்டின் மேல் கைவைக்க வேண்டியதில்லை.

வரும் விடுமுறையில் கம்பம் பதனிடும் ஆலை ஒன்றுக்கு முன்கூட்டியே போன் செய்து, அனுமதி கேட்டு அவளை அழைத்துப் போங்கள். எத்தனை நாள் உலர்த்துகிறீர்கள், கிரியோசோட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்தக் கம்பத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள், ஏன் என்று கேட்கட்டும். கேள்விகளை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.