உள்பக்க டயரை மறந்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமின் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் நான்கு டயர். வாங்கி எட்டு வருடம் ஆகிறது. வெளிப்பக்க டயர் இரண்டிலும் வெடிப்பு தெரிகிறது. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது, நான்கையும் மாற்றுங்கள். பட்டன் (டயரில் தரையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். தேய்வதற்கு முன்பே ரப்பர் காய்ந்துவிடும். அதோடு, ஒரே பக்கத்தில் புதியதும் பழையதும் ஜோடி சேர்ந்தால் உயரம் வேறுபடும். உயரமான டயரே பாதிக்கு மேல் பாரத்தைச் சுமந்து சூடாகும்.

முதலில் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, பின் அச்சை மட்டும் எடை போடுங்கள். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ! டயரின் பக்கவாட்டில் 115/112 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். 112 என்றால் இரட்டையாகப் பூட்டும்போது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், நான்குக்கும் 4,480. எடை அதை ஒட்டி வந்தால் அதைவிட அதிகம் தாங்கும் டயராக எடுங்கள்.

தயாரித்த தேதியையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

அப்புறம், உள்பக்க டயரின் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் கட்டாயம் போடுங்கள். எங்கள் வண்டியில் கை எட்டவில்லை என்று உள்டயரில் காற்றுப் பார்க்காமல் விட்டேன். அது இறங்கியது தெரியாமலே ஓட்டி, பக்கச் சுவர் கந்தலாகக் கிழிந்தது.