பூனையும் பூச்சியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கரப்பான் தொல்லை மிகுதியாக இருந்ததால், பூனை வளர்த்தால் பூச்சிகள் குறையும் என்று மாமியார் சொல்ல, சென்ற ஆண்டு ஒரு குட்டியை எடுத்துவந்தோம். பூச்சிகள் குறைந்தபாடில்லை. அடுப்படியில் திரிந்த கரப்பானை அது படுக்கையறை வரை கவ்விக்கொண்டு வந்து என் தலையணை ஓரத்தில் விடுகிறது, பல நாள் உயிரோடு. நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அண்மையில் வந்திருந்த உறவினர் ஒருவர், “பூச்சி பிடித்த வீட்டில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? சாக்பீஸ் கோடு போட்டு ஒழித்துக் கட்டுங்கள்” என்று கடிந்துகொண்டார். எங்கள் சிரிப்பு பொறுப்பின்மையா? பூனை கொண்டுவரும் கரப்பானை அதன் கண்ணெதிரே எடுத்து எறிந்தால் அது வருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பொறுப்பின்மை எதுவும் எனக்குத் தென்படவில்லை. பூச்சியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடி ஓடுகிறவருக்கு இப்படிச் சிரிக்க வாய்ப்பதே இல்லை. நின்று உற்றுப் பார்ப்பவருக்குத்தான் வாய்க்கிறது. உங்கள் உறவினர் சொன்ன சாக்பீஸ் கோட்டைப் பற்றிக் கட்டாயம் பேசியாக வேண்டும், ஆனால் அதற்கு முன் உங்கள் மாமியாரின் எதிர்பார்ப்பு ஏன் நிறைவேறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பூனை மனிதனிடம் வந்து சேர்ந்தது எலிக்காக. மேற்காசியாவில் உழவு தொடங்கித் தானியம் சேமிக்கப்பட்டபோது, தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை பழைய இந்த உறவில் கரப்பானை ஒழிப்பது பற்றிய பேச்சே எழுந்ததில்லை. பூனைக்குப் பூச்சி கொஞ்சம் தின்பண்டம், பெரும்பாலும் விளையாட்டு. விளையாட்டுப் பொருள் வீட்டில் அடியோடு தீர்ந்துபோக வேண்டும் என்று எந்தப் பூனையும் விரும்பி நான் பார்த்ததில்லை.

கரப்பானின் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. உங்கள் அடுப்படியில் ஓடும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் அமெரிக்கக் கரப்பான் என்று பெயர் பெற்றிருந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்கள் வழியே உலகெங்கும் பரவியது. சிறிய கரப்பானுக்கு ஜெர்மன் கரப்பான் என்ற பெயர், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1767ஆம் ஆண்டில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியதிலிருந்து நிலைத்துவிட்டது. ஆனால் அது ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில், மனிதக் குடியிருப்புகளை ஒட்டித் தோன்றியது என்று 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆக, மேற்காசியாவிலிருந்து வந்த பூனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய கரப்பானை மயிலாடுதுறையில் ஓர் ஓட்டு வீட்டில் துரத்துகிறது; இந்தப் பக்கத்துச் சின்னக் கரப்பான் அம்மியடியிலிருந்து மீசையை மட்டும் நீட்டி அதைக் கவனிக்கிறது. இதற்கு மேல் ஒரு வீட்டில் என்ன வேடிக்கை வேண்டும்?

அந்தத் துரத்தலை அடுத்த முறை தரையில் அமர்ந்து பாருங்கள். பூனை வயிறு தரையில் படப் பதுங்கும், இடுப்பை இப்படியும் அப்படியும் அசைக்கும், பிறகு பாயும். கரப்பானின் பின்முனையில் இரண்டு சிறிய கொம்புகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள நுண்மயிர்கள் காற்றின் மிகச்சிறிய அசைவையும் உணர்ந்துவிடும். பாய்கிற பூனை முன்னே தள்ளும் காற்று பட்டு, ஏறக்குறைய ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அது திரும்பி ஓடத் தொடங்கிவிடும். இதற்கு மேல் பூனைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு சாண் தொலைவுக்குள் வந்துவிட்ட பொருளை அதன் கண்ணால் தெளிவாகக் காண இயலாது. அவ்வளவு நெருக்கத்தில் அது மீசையை முன்னே வளைத்துத் தொட்டுத்தான் அறிந்துகொள்கிறது. எங்கள் வீட்டுப் பூனையின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே கரப்பான் அசையாமல் நிற்க, பூனையோ அது சற்று முன் இருந்த தரைக்கல்லைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். கரப்பான் ஓடிப் பீரோவுக்கு அடியில் நுழைந்த பிறகும் பூனை அந்தக் கல்லை விடவில்லை. முகர்ந்தது, தட்டிப் பார்த்தது, பிறகு முதுகை நக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. கரப்பான் சிறகை விரித்துப் பறந்துவிட்டாலோ, மனிதர்களும் பூனையும் ஒரே வாசலை நோக்கி ஓடுவதுதான் வழக்கம்.

எல்லாப் பூச்சியும் ஓடுவதில்லை. ஒருமுறை எங்கள் கூடத்து விளக்கொளிக்கு ஒரு கும்பிடுபூச்சி வந்து தரையில் இறங்கியது. பூனை வழக்கம்போலப் பதுங்கி நெருங்கியது. கும்பிடுபூச்சி நகரவில்லை, தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பூனையை நேருக்கு நேர் பார்த்தது. அப்படித் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடிய பூச்சிகள் மிகச் சில. பிறகு முன்னங்கால்களைத் தூக்கி, சிறகை விரித்து, உடலை நிமிர்த்தியது. அடிப்பதற்காகத் தூக்கிய பாதத்தைப் பூனை கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு முழ உயரப் பூனையும் விரல் நீளப் பூச்சியும் ஒன்றையொன்று பார்த்துக் கையைத் தூக்கி நின்ற அந்தக் காட்சியில், முதலில் பின்வாங்கியது பூனைதான். நான் பூச்சியின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையைச் செருகி எடுத்துக் கொல்லைச் செம்பருத்தியில் விட்டேன். தீங்கு செய்யாத பூச்சி சிக்கும்போதெல்லாம் இப்படி எடுத்து விட்டுவிடுவதே முறை என்பது என் உறுதியான எண்ணம். நாம் சிரித்துக்கொண்டிருக்கையில் ஓர் உயிர் கால் காலாகப் பிய்க்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஐப்பசி மழை தொடங்கிய பின் ஒரு மாலை, உங்கள் முற்றத்தில் ஈசல் கிளம்பும். அன்று பூனை வேறு பிறவி எடுத்துவிடும். ஒன்றைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கின் மேல் இன்னொன்று வந்து அமரும். அதைத் தட்டத் திரும்பினால் முதுகில் நாலு ஊரும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அது நடுமுற்றத்தில் நின்று வெறும் காற்றைக் கடிப்பதை நீங்கள் பார்க்கலாம். சற்று நேரத்தில் ஈசல்கள் தரையில் இறங்கி, சிறகை அதன் அடியிலுள்ள மெல்லிய கோட்டோடு தாமே முறித்து உதிர்த்துவிட்டு, இரண்டிரண்டாக, பெண் முன்னும் ஆண் பின்னுமாக நடக்கத் தொடங்கும். புதிய புற்றுக்கு இடம் தேடிப் போகிற அந்த இணைகளின் பின்னால், மூன்றாவது ஆளாகப் பூனையும் தலையைத் தாழ்த்தி நடந்துபோகும். நம் ஊர்களில் ஈசலுக்கு மனிதரும் போட்டிக்கு வந்ததுண்டு. மழைக்காலத்தில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற பாட்டிமார் பல ஊர்களில் இருந்தார்கள். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், செம்புற்று ஈசலை இட்டுப் புளிமோரில் சமைத்த உணவைப் புறநானூற்றின் 119ஆம் பாட்டில் சொல்கிறார். பூனைக்கு மட்டும் அளவு தெரிவதில்லை. வயிறு புடைக்கத் தின்றுவிட்டு இரவில் கக்கிவைக்கும் என்பதால், விளக்கை அணைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் உள்ளே அடைத்துவைப்பது நல்லது. மறுநாள் காலையில் பெருக்கப் பெருக்கப் பறக்கும் சிறகுகளை அது மறுபடியும் துரத்தும். அதற்குத் தடை போட வேண்டியதில்லை.

சுவர்க்கோழி கத்தும் இரவுகளில் பூனை அலமாரியின் முன் அசையாமல் அமர்ந்திருக்கும். தன் காதுகளைத் தனித்தனியே திருப்பிக் கேட்க வல்லது என்பதால், நமக்கு அறை முழுவதும் ஒலிப்பதாகத் தோன்றும் ஓசை எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரிந்துவிடும். அது ஓர் அடி வைத்ததும் சுவர்க்கோழி நிறுத்திவிடும். அது அமர்ந்ததும் மீண்டும் தொடங்கும். நாம் தூங்கிப்போனாலும் இது நடந்துகொண்டே இருக்கும்.

பூனை தோற்றுப்போகும் இடம் எறும்பு. அதன் சோற்றுத் தட்டைச் சிற்றெறும்பு மொய்த்துவிட்டால் அது சண்டைக்குப் போகாது. பாதத்தை உதறிக்கொண்டே விலகி வந்து நம் முகத்தைப் பார்க்கும். சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதைப் போல, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சோற்றுக் கிண்ணத்தை வைப்போம். எறும்பு கரையிலேயே நின்றுவிடும். ஆனால் பூனை, தனக்கென்று வைத்த தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிட்டு இந்தத் தாம்பாளத்துத் தண்ணீரையே விரும்பிக் குடிக்கும். கரை வறண்டதும் எறும்பு வரும், பூனை மறுபடியும் நம் முகத்தைப் பார்க்கும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, காலையும் மாலையும் தாம்பாளத்தை நிரப்புவதுதான்.

எறும்புக்கும் பூனைக்கும் இடையே இன்னும் நுட்பமான ஓர் உறவும் உண்டு. உங்கள் கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். பல பூனைகள் அந்த வேரை முகர்ந்து, நக்கி, அதன் மேல் கன்னத்தைத் தேய்த்துப் புரளும். அச்செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. அந்த வேரில் பூனையை மயக்கும் பொருள்களுள் ஒன்று, சிலவகை எறும்புகள் தற்காப்புக்காகச் சுரக்கும் இரிடோமிர்மெசின் என்ற பொருளின் நெருங்கிய உறவு. மேலைநாட்டுப் பூனைகள் மயங்கும் கேட்னிப் செடியின் நெபெடலாக்டோன், அசுவினிப் பூச்சிகளில் பெண் ஆணை அழைக்கும் மணத்திலும் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே சென்று, இவ்வகை மணமுள்ள ஒரு கொடியின் இலையில் புரண்ட பூனைகளின் மேல் கொசுக்கள் குறைவாகவே அமர்வதைக் காட்டினார்கள். நம்மைக் கடிக்கும் கொசுவை ஒழிக்காவிட்டாலும், தனக்கான கொசு மருந்தைப் பூனை தானே பூசிக்கொள்கிறது. குப்பைமேனியை முகர்ந்து புரளவிட்டால் போதும், தின்னக் கொடுக்க வேண்டாம்; வாந்தி எடுக்கச் செய்யும் மூலிகை அது.

இனி உங்கள் உறவினரின் யோசனை. தயவுசெய்து அந்தக் கோட்டைப் போடாதீர்கள். கரப்பானுக்கான சாக்பீஸ்களிலும் தெளிப்பான்கள் பலவற்றிலும் பைரித்ராய்டு வகை நஞ்சு இருக்கிறது. மனிதனும் நாயும் அந்த நஞ்சை உடலுக்குள் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. கோட்டை மிதித்த பாதத்தைப் பூனை நக்காமல் விடாது. எச்சில் ஒழுகுவதும், உடல் நடுங்குவதும், வலிப்பும் அதன் அறிகுறிகள். கண்டதும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசுவதும் இதே காரணத்தால் அதன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பீரோவுக்குள் போடும் அந்துருண்டையும் அதற்கு நஞ்சுதான்.

கரப்பானைக் குறைக்க வேறு வழிகள் உண்டு, அவற்றை நீங்கள் செய்யத்தான் வேண்டும். இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காதீர்கள். தொட்டியடியைத் துடைத்து உலரவிடுங்கள். சாக்கடைத் துளைக்கு வலை மாட்டுங்கள். பெரிய கரப்பானின் முட்டைக்கூடு கருஞ்சிவப்பாய்த் தட்டைப்பயறு அளவில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 முட்டைகள். பழைய மரப்பெட்டியின் பின்புறத்திலும் அட்டைப்பெட்டி மடிப்புகளிலும் அவற்றைத் தேடி நசுக்குவது, ஒரு பூனை ஒரு மாதம் துரத்துவதைவிடப் பயன் தரும். மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால், பூனையின் பாதமும் நாக்கும் எட்டாத இடுக்குகளில் மட்டும் பசை மருந்தை வையுங்கள்.

கடைசியாக உங்கள் தலையணை. தாய்ப்பூனை தன் குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், பிறகு குற்றுயிரான இரையையும், அதன் பிறகு உயிருள்ள இரையையும் கொண்டுவந்து போட்டுப் பழக்கும். குட்டி ஈனாத பூனைகளும் இரையை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருகின்றன. பூனையின் கவனத்தைப் பிடித்துவைப்பது அசைவு. அசையாத கரப்பானை நீங்கள் அதன் கண்ணெதிரே முறத்தில் எடுத்து எறிந்தாலும் அது வருந்தப்போவதில்லை. உயிரோடிருந்தால் காத்திருக்காமல் ஒரே அடியில் முடித்துவிடுங்கள். சிலவகை வயிற்றுப்புழுக்கள் கரப்பான் போன்ற பூச்சிகளுக்குள் வளர்ந்து பூனைக்குத் தொற்றுகின்றன. ஆகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிய இடைவெளியில் பூனைக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து வாருங்கள். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவைப்பது எல்லாவற்றையும்விட எளிய வழி. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, நீங்கள் சாத்துவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்